மீ த பர்ஸ்ட்டு

குழு: நம்ம வீட்டு ஆளுங்க
ஞாயிறு

6:12 · சுமதி: எல்லாரும் கொஞ்சம் இதைப் பாருங்க. அப்பாவோட மெயில் கணக்கு பத்தி என் மெயிலுக்கு ஒரு அறிவிப்பு வந்திருக்கு. ரெண்டு வருஷமா யாரும் உள்ள நுழையலையாம், இப்படியே விட்டா கணக்கை நீக்கிடுவாங்களாம். அப்பாவோட பிளாக் அந்தக் கணக்குலதான் இருக்கு. பாஸ்வேர்டு யாருக்காவது தெரியுமா?

6:13 · கலா சித்தி: ஐயோ

6:13 · சாரதா அத்தை: எந்த பிளாக்

6:14 · சுமதி: அப்பா எழுதுவாரே அத்தை. வலைப்பதிவு.

6:14 · சாரதா அத்தை: அதுவா. அண்ணன் போனதோட அதுவும் போச்சுன்னு நெனச்சேன்

6:15 · நிலா: இருக்கு அத்தைப் பாட்டி. இப்பதான் திறந்து பார்த்தேன். 318 பதிவு.

6:17 · கார்த்தி: கூகுள் 2023ல கொண்டு வந்த விதி இது. ரெண்டு வருஷம் தொடாத தனிநபர் கணக்கை நீக்கலாம்னு. ஒரே ஒரு தடவை உள்ள போய்ட்டு வந்தா போதும். பாஸ்வேர்டு வேணும், அவ்ளோதான்

6:26 · பாலு சித்தப்பா: அக்கா கேட்டதால விவரமாச் சொல்றேன். 1997 டிசம்பர்ல ஜார்ன் பார்கர்னு ஒருத்தர், தான் இணையத்துல படிச்சதையெல்லாம் குறிச்சு வைக்கிற பக்கத்துக்கு வெப்லாக்னு பேர் வெச்சார். 1999ல பீட்டர் மெர்ஹோல்ஸ் அந்தச் சொல்லை விளையாட்டா ரெண்டா உடைச்சு 'வீ பிளாக்'னு எழுத, பிளாக் மட்டும் நின்னுடுச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்ல பிளாக்கர் வந்தது. 2003ல கூகுள் அதை வாங்கினாங்க. தமிழ்ல எழுதறவங்களுக்கு அப்ப பெரிய தொல்லை எழுத்துரு. திஸ்கியில ஒருத்தர், பாமினியில ஒருத்தர் அடிப்பாங்க. நம்ம கம்ப்யூட்டர்ல அந்த எழுத்துரு இல்லைன்னா திரை முழுக்கக் கிறுக்கல்தான் தெரியும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு வந்தப்புறம்தான் எல்லாரும் எல்லாரையும் படிக்க முடிஞ்சது. அண்ணன் பழைய கட்டுரைங்களைப் பொங்குதமிழ் செயலியில போட்டு மாத்தினார். புதுசா அடிக்கறதுக்கு இ-கலப்பை. 2004ல தமிழ்மணம் திரட்டி வந்தது. யார் என்ன எழுதினாலும் ஒரே இடத்துல தெரியும். அண்ணன் 2005ல ஆரம்பிச்சார். அதுக்கப்புறம் நடந்ததை எழுதினா ரொம்ப நீளும்.

6:27 · சாரதா அத்தை: நான் கேட்டது ரெண்டே வார்த்தை

6:27 · கார்த்தி: மாமா பாஸ்வேர்டு

6:29 · சுமதி: அப்பா எல்லாத்தையும் நோட்டுல எழுதி வைப்பார். பச்சை அட்டை போட்ட நோட்டு. அலமாரியில இல்ல. அம்மா, பார்த்தியா?

6:31 · சாரதா அத்தை: நோட்டுங்களை எல்லாம் பெட்டியோட யார் எடுத்துட்டுப் போனாங்கன்னு குழுவுல எல்லாருக்கும் தெரியும். நான் ஒண்ணும் சொல்லல

6:32 · கலா சித்தி: படிக்கத்தான் இவர் எடுத்துட்டு வந்தார் அண்ணி. சுமதி அம்மாகிட்ட கேட்டுத்தான்

6:33 · சாரதா அத்தை: என்கிட்ட யாரும் கேக்கல

6:34 · பாலு சித்தப்பா: அக்கா, பெட்டி பத்திரமா இருக்கு. தேடிப் பார்க்கறேன்.

6:40 · அம்மா: குரல் பதிவு 0:52

6:42 · சுமதி: கேக்க முடியாதவங்களுக்காக அம்மா சொன்னதை எழுதறேன். "அவர் எழுதினது எனக்கு எதுவும் தெரியாது. ராத்திரி சாப்பிட்டு வந்து படிச்சுக் காட்டுவார். தான் எழுதினதைப் படிக்க மாட்டார். அதுக்குக் கீழ இவங்க இவங்க இப்படிச் சொல்லியிருக்காங்கன்னு அதைத்தான் படிப்பார். படிக்கறதுக்கு முன்னாடியே சிரிச்சிடுவார், எனக்குப் பாதி புரியாது." இவ்வளவுதான் சொன்னாங்க.

6:43 · கலா சித்தி: பாவம்

6:45 · நிலா: அம்மாச்சி சொல்றது சரி. நானும் பின்னூட்டம்தான் படிச்சிட்டிருக்கேன். தாத்தா எட்டு வரி எழுதியிருக்கார், கீழ 67 பேர் பேசிட்டிருக்காங்க. எல்லாமே புரியல. "வடை எனக்கே"ன்னா என்ன?

6:46 · கார்த்தி: முதல் ஆளா வந்து பின்னூட்டம் போடறவங்களுக்கு வடை

6:46 · நிலா: நெஜ வடையா

6:46 · கார்த்தி: இல்ல. ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தா "வடை போச்சே"

6:52 · பாலு சித்தப்பா: அதுக்கு முன்னாடி "மீ த பர்ஸ்ட்டு". வருகைப் பதிவு மட்டும் செய்யறவங்க "உள்ளேன் ஐயா". முன்னாடி ஒருத்தர் சொன்னதையே வழிமொழியணும்னா "ரிப்பீட்டேய்". பதிவுல யாரையோ மறைமுகமாச் சாடறாப்ல இருந்தா "இதுல உள்குத்து ஏதும் இல்லையே?"ன்னு கேப்பாங்க. பத்து பேர் சேர்ந்து விஷயத்தை விட்டுட்டு அரட்டை அடிச்சா அது கும்மி. புதுசாப் பின்னூட்டம் வந்த பதிவுங்களைத் தமிழ்மணம் முகப்புல தனியாக் காட்டும். அதுல நிக்கணும்னு தன் பதிவுக்குத் தானே "நன்றி", "மீண்டும் நன்றி"ன்னு ஒவ்வொண்ணாப் போட்டுட்டிருந்தா அதுக்குப் பேர் பின்னூட்டக் கயமை. அண்ணன் அதைச் செய்யவே மாட்டார். பத்துப் பேருக்கும் ஒரே பின்னூட்டத்துல பதில் சொல்வார். "அருமையான பதிவு, பகிர்வுக்கு நன்றி"ன்னு மட்டும் யாராவது போட்டா, "எந்த வரி அருமை?"ன்னு திருப்பிக் கேப்பார். கேட்டுக் கேட்டே நாலு பேரை உக்காந்து படிக்க வெச்சார்.

6:53 · நிலா: சின்னத் தாத்தா உங்களுக்கு எப்படி இவ்ளோ தெரியும்

6:55 · பாலு சித்தப்பா: அப்ப எல்லாரும் படிச்சாங்கம்மா.

6:58 · சாரதா அத்தை: அன்பு உறவுகளே இனிய மாலை வணக்கம் (படம்)

6:58 · கார்த்தி: அம்மா

6:59 · சாரதா அத்தை: வேற குழுவுக்கு அனுப்பினது

7:05 · நிலா: இன்னொண்ணு. பக்கத்துல "அடிக்கடி போற வீடுகள்"னு ஒரு பட்டியல் வெச்சிருக்கார். 41 பிளாக். ஒவ்வொண்ணாத் தட்டிப் பார்த்தேன். 12தான் திறக்குது. அதுலயும் கடைசிப் பதிவு 2012, 2014ன்னு நிக்குது. ஒண்ணுல "சின்ன இடைவெளி, விரைவில் சந்திப்போம்"னு இருக்கு. தேதி 2011.

7:06 · சுமதி: அப்பா அந்தப் பேருங்களை வீட்டு மனுஷங்க மாதிரியே சொல்வார். அவருக்குக் கால் வலியாம், இவர் பொண்ணு பரீட்சை எழுதறாளாம்னு. ஒருத்தரையும் நேர்ல பார்த்ததில்ல.

7:08 · கார்த்தி: திறக்காததை இணைய ஆவணக்காப்பகத்துல தேடலாம் நிலா. வேபேக் மெஷின்னு 2001லயே பொதுமக்களுக்குத் திறந்துட்டாங்க. பழைய முகவரியைக் குடுத்தா சேமிச்ச தேதியெல்லாம் காட்டும். எல்லாமே இருக்காது. பெரிய மாமா பக்கத்தையும் அதுல இப்பவே சேமிச்சு வை

7:15 · பாலு சித்தப்பா: நோட்டு கிடைச்சுது. கடைசிப் பக்கத்துல இருக்கு.

7:15 · பாலு சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

7:16 · கார்த்தி: குழுவுல போடாதீங்க மாமா!!

7:16 · கலா சித்தி: நான் பார்த்துட்டேன்

7:16 · கார்த்தி: சுமதிக்குத் தனியா அனுப்புங்க

7:20 · சுமதி: அப்பா நம்பருக்கு ஒரு எண் வரும். அம்மா, அப்பா சிம் உன் போன்லதானே இருக்கு? வந்த எண்ணை எனக்கு போன் பண்ணிச் சொல்லு.

7:29 · அம்மா: குரல் பதிவு 0:09

7:30 · சுமதி: நேரம் தாண்டிடுச்சும்மா. மறுபடி அனுப்பறேன். போனைக் கையிலயே வெச்சுக்கோ.

7:33 · நிலா: எனக்கு ஒரு சந்தேகம். 2013 நடுவுல இருந்து பின்னூட்டமே இல்ல. பதிவு இருக்கு, கீழ காலி. யாருமே வரலையா?

7:36 · கார்த்தி: அது நான் பண்ணின வேலை. அப்ப புதுசா ஒரு பின்னூட்டப் பெட்டி வந்தது, பார்க்க நல்லா இருந்தது. பெரிய மாமா வேணாம்னுதான் சொன்னார். நான்தான் மாத்திக் குடுத்தேன். 2019ல அந்தச் சேவையை மூடிட்டாங்க, அதுக்குள்ள இருந்ததெல்லாம் போச்சு. ஆறு வருஷத்துப் பேச்சு. இதை நான் மாமாகிட்ட சொல்லவே இல்ல. அவரும் கேக்கல

7:37 · சாரதா அத்தை: அவருக்குத் தெரியும். என்கிட்ட சொன்னார்

7:37 · கார்த்தி: என்ன சொன்னார்

7:38 · சாரதா அத்தை: பையன்கிட்ட சொல்லாத, வருத்தப்படுவான்னார்

7:44 · சுமதி: விடு கார்த்தி. 2013 வரைக்கும் இருக்கிறதைக் காப்பாத்துவோம்.

7:46 · நிலா: இருக்கிறதுல ஒருத்தரைப் பத்திக் கேக்கணும். "மாடிப்படி"ன்னு ஒரு பேர். 2010ல இருந்து ஒரு பதிவு விடாம முதல் பின்னூட்டம் இவங்களோடதுதான். தாத்தா ராத்திரி 12:40க்கு எழுதினா 12:43க்கு வந்துடறாங்க. மத்தவங்க "மாடிப்படி தூங்கவே மாட்டாரா"ன்னு கலாய்க்கிறாங்க. வடையைப் பிடுங்கவே முடியலன்னு ஒருத்தர் அலாரம் வெச்சுப் பார்த்திருக்கார். யார் இது?

7:47 · சுமதி: தெரியல. அப்பா யாருன்னு சொன்னதே இல்ல.

7:47 · கலா சித்தி: 2010ஆ

7:48 · கார்த்தி: பேச்சுவார்த்தை இல்லாத வருஷம்

7:48 · சாரதா அத்தை: கார்த்தி சும்மா இரு

7:50 · சாரதா அத்தை: சின்ன வயசுல வாடகை நூலகத்துல இருந்து புத்தகம் வந்தா ரெண்டு பேரும் மாடிப்படியில உக்காந்து படிப்பாங்க. அண்ணன் மேல் படி, இன்னொருத்தன் கீழ் படி. அண்ணன் ஒரு பக்கம் முடிச்சாத்தான் இவனுக்குக் கிடைக்கும். முதல்ல எனக்குக் குடுன்னு அழுவான்

7:51 · சாரதா அத்தை: நான் ஒண்ணும் சொல்லல

7:53 · கலா சித்தி: ராத்திரி ஒரு மணிக்கு கம்ப்யூட்டர் முன்னாடி என்ன பண்றீங்கன்னு கேட்டா ஆபீஸ் வேலைம்பார்

7:54 · பாலு சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

7:56 · நிலா: சின்னத் தாத்தா, தாத்தாவுக்குத் தெரியும்னு நெனக்கிறேன். மத்த எல்லாருக்கும் "வாங்க நண்பரே"ன்னுதான் பதில் போட்டிருக்கார். மாடிப்படிக்கு மட்டும் எப்பவும் "வடை உனக்கே தம்பி"ன்னு இருக்கு. நீ, தம்பி. வேற யாரையும் அப்படிக் கூப்பிடல. இப்பதான் எல்லாத்தையும் தேடிப் பார்த்தேன்.

8:10 · சுமதி: உள்ள போயாச்சு! அம்மா சரியான நேரத்துக்கு எண்ணைச் சொல்லிட்டாங்க.

8:10 · கலா சித்தி: அப்பாடா

8:12 · கார்த்தி: சூப்பர். அமைப்புகள்ல போய் காப்புப் பிரதி எடு. பதிவும் பின்னூட்டமும் ஒரே கோப்பா இறங்கும். படங்களும் வந்திருக்கான்னு தனியாப் பார்த்துக்கோ. அப்புறம் எல்லாருக்கும் சொல்றேன், அவங்கவங்க கூகுள் கணக்குல "செயல்படாத கணக்கு மேலாளர்"னு ஒண்ணு இருக்கு. நாம இத்தனை மாசம் வரலைன்னா யார்கிட்ட எது போகணும்னு இப்பவே எழுதி வைக்கலாம். பத்து பேர் வரைக்கும் சேர்க்கலாம்

8:13 · சாரதா அத்தை: என் கணக்குல என்ன இருக்கு, மாலை வணக்கம்தான்

8:19 · சுமதி: கோப்பு இறங்கிடுச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும். மட்டுறுத்தல்ல 14 பின்னூட்டம் காத்திட்டிருக்கு. அப்பா பார்த்து விட்டாத்தான் வெளிய தெரியும்னு வெச்சிருந்தார் போல. எல்லாம் கடைசிப் பதிவுக்கு வந்தது.

8:20 · நிலா: என்னம்மா போட்டிருக்காங்க

8:24 · சுமதி: "ஐயா, ரெண்டு வாரமா ஆளையே காணோமே." "உள்ளேன் ஐயா. ஆசிரியர்தான் வரல." "புதுப் பதிவு எங்கே? தினமும் வந்து கதவைத் தட்டிட்டுப் போறேன்." ஒருத்தர் மட்டும் நாலு தடவை வந்திருக்கார். கடைசியா வந்தது போன மாசம். "நலமா?"ன்னு மட்டும் கேட்டிருக்கார்.

8:25 · கலா சித்தி: அவங்களுக்குத் தெரியாதா

8:25 · சுமதி: யாரு சித்தி சொல்லியிருப்பா. நமக்கு அவங்க யாருன்னே தெரியாது.

8:27 · சாரதா அத்தை: சொல்லணும். நாலு தடவை வந்து கேக்கற மனுஷனுக்குப் பதில் இல்லாம இருக்கக் கூடாது

8:28 · கார்த்தி: ஒரு பதிவு போட்டுடலாம். சுமதி எழுதட்டும்

8:31 · சுமதி: எழுதப் பார்த்தேன். "என் தந்தை"ன்னு ஆரம்பிச்சா நோட்டீஸ் மாதிரி இருக்கு. அவங்களுக்குத் தெரிஞ்ச ஆள் வேற, நமக்குத் தெரிஞ்ச அப்பா வேற. அந்த ஆளைத் தெரிஞ்சவங்கதான் எழுதணும். சித்தப்பா, நீங்க எழுதறீங்களா?

8:32 · கார்த்தி: புத்தகமா அச்சடிக்கறது என்னாச்சு? போன வருஷமே பேசினோமே

8:32 · சாரதா அத்தை: முதல்ல இது முடியட்டும்

8:33 · கார்த்தி: அச்சடிச்சா பின்னூட்டத்தோடதான் அடிக்கணும், இப்பவே சொல்லிட்டேன்

8:34 · சாரதா அத்தை: யாரோ எழுதினதை அவங்களைக் கேக்காம அச்சடிக்கலாமா

8:35 · கார்த்தி: அதுவும் சரிதான். கேக்கணும்னா முதல்ல அந்த 14 பின்னூட்டத்துக்கும் பதில் போடணும்

8:50 · அம்மா: குரல் பதிவு 0:11

8:51 · சுமதி: அம்மா சொல்றாங்க, "பாலுவையே எழுதச் சொல்லு. அவனுக்குத்தான் அவர் மாதிரி எழுத வரும்."

9:20 · பாலு சித்தப்பா: அண்ணி சொன்னா மறுக்க முடியாது. எழுதறேன். எந்தப் பேர்ல எழுதறதுன்னுதான் தெரியல.

9:21 · சாரதா அத்தை: படியில உக்காந்திருந்த பேர்லயே எழுது

9:24 · பாலு சித்தப்பா: நாளைக்குப் பார்க்கலாம் அக்கா.

9:25 · நிலா: போட்டதும் சொல்லுங்க சின்னத் தாத்தா. இந்தத் தடவை வடை எனக்கு.

9:26 · சாரதா அத்தை: பெட்டியை அடுத்த வாரம் கொண்டு வந்து வெச்சிடு பாலு. நானும் ஒரு தடவை பார்க்கணும்

9:26 · கலா சித்தி: கொண்டு வரோம் அண்ணி

12:38 · கலா சித்தி: யாராவது முழிச்சிருக்கீங்களா. கம்ப்யூட்டரைப் போட்டு உக்காந்தாச்சு. கேட்டா ஆபீஸ் வேலையாம். ரிட்டயர் ஆகி ஏழு வருஷம் ஆகுது