கலைச்சொல்: ஆல்பம் ‘ரீ-இஷ்யூ’வுக்கு ‘விரிவெளியீடு’

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சென்ற வாரம் கேட்ட கேள்விக்கு இத்தனை பேர் அக்கறையோடு எழுதியதற்கு நன்றி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் செய்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் சிலர் மேற்கத்திய இசையைப் பற்றித் தமிழில் வலையொலி செய்கிறார்கள். அவர்களுடைய எழுத்துப் படியைப் பார்த்துக் கொடுப்பது என் பங்கு. அடுத்த பகுதி பிரிட்டிஷ் பாடகி எல்லி கோல்டிங்கின் இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பமான ‘ஹால்சியன்’ பற்றியது. 2012 அக்டோபரில் வந்த ஆல்பம் அது. 2013 ஆகஸ்டில் புதுப் பாடல்களைச் சேர்த்து, ‘ஹால்சியன் டேஸ்’ என்ற பெயரில் மறுபடி வெளியிட்டார்கள். படியில் மாணவி ‘ரீ-இஷ்யூ’ என்றே எழுதியிருந்தார். அதற்குத் தமிழ் வேண்டும்.

> ‘மறுவெளியீடு’ இருக்கிறதே, பிறகு என்ன தேடல்?

பினாங்கு ஐயாவின் கேள்வி இது. மறுவெளியீடு நல்ல சொல்தான் ஐயா, ஆனால் அதற்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. 2004இல் வந்த ‘கில்லி’ 2024 ஏப்ரலில் திரும்பத் திரையரங்குக்கு வந்தபோது அதை மறுவெளியீடு என்றோம். பொருத்தமாகவே இருந்தது. அதே படம், அதே காட்சிகள். ரசிகர்களும் அதே படத்தைத்தான் எதிர்பார்த்துப் போனார்கள். ‘ஹால்சியன் டேஸ்’ வாங்கியவருக்குக் கிடைத்தது வேறு. அதில் பத்துப் புதுப் பாடல்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றான ‘பர்ன்’தான் பிரிட்டனின் தனிப்பாடல் பட்டியலில் எல்லி கோல்டிங்குக்கு முதன்முறையாக முதலிடம் வாங்கித் தந்தது. 2012இல் வாங்கிய குறுந்தட்டை எத்தனை முறை ஓட்டினாலும் அந்தப் பாட்டு வராது. ‘மறுவெளியீடு’ என்று ஒலிபரப்பினால், பழைய தட்டை வைத்திருப்பவர் “நம்மிடம்தான் இருக்கிறதே” என்று நினைத்துக்கொள்வார். சொல் அவருக்குத் தவறான தகவலைக் கொடுத்துவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இதை முற்றிலும் புது ஆல்பம் என்றும் சொல்ல முடியாது. பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியல் இரண்டின் விற்பனையையும் ஒரே கணக்கில் சேர்த்தது. முதலில் இரண்டாம் இடத்தில் நுழைந்த ‘ஹால்சியன்’, 2014 ஜனவரியில்தான், அதாவது ஓராண்டுக்கு மேல் கழித்து, முதலிடத்துக்கு ஏறியது. பின்னால் சேர்ந்த பாடல்களே அதை மேலே தூக்கின, ஆனால் முதலிடம் பதிவானது பழைய ஆல்பத்தின் கணக்கில். கடைக்காரருக்கு இரண்டு பொருள், பட்டியலுக்கு ஒன்று. ஆகவே நமக்கு வேண்டிய சொல் ‘அதே ஆல்பம்தான்’ என்பதையும் ‘ஆனால் வளர்ந்திருக்கிறது’ என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த வேறுபாட்டைத் தமிழ்ப் பதிப்புலகம் எப்போதோ தீர்த்துவிட்டது. எந்தத் தமிழ் நூலின் உள்பக்கத்தைப் புரட்டினாலும் ‘மறு அச்சு’, ‘திருத்திய பதிப்பு’, ‘விரிவாக்கிய பதிப்பு’ என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததோடு நின்றுவிடவில்லை. மேலும் சுவடிகள் கிடைக்கக் கிடைக்கத் திருத்தியும் சேர்த்தும் அடுத்த பதிப்புகளைக் கொண்டுவந்தார். அவற்றை யாரும் வெறும் மறு அச்சு என்று சொல்லத் துணியமாட்டார்கள். நூலுக்குக் கொடுக்கும் இந்தக் கவனத்தை இசைக்கும் கொடுக்கலாமே என்பதுதான் என் வேண்டுகோள்.

எனவே என் முன்மொழிவு: விரிவெளியீடு.

விரிகடல், விரிசுடர் போல இதுவும் வினைத்தொகை. விரிந்த வெளியீடு, விரிகின்ற வெளியீடு, விரியும் வெளியீடு என மூன்று காலத்துக்கும் இடம் கொடுக்கும். தொழிற்கல்லூரியில் ‘விரிவுரை’, ‘விரிவுரையாளர்’ என்ற சொற்களைப் பிள்ளைகள் அறிந்திருப்பதால் ‘விரி’ என்ற முன்பாதியும் அவர்களுக்குப் புதிதில்லை.

> புத்தக வழக்கையே எடுப்பதானால் ‘விரிபதிப்பு’ என்று வைத்துவிடலாமே.

சென்னை அக்கா கேட்டது. எழுத்தில் அதுவும் அழகுதான் அக்கா. ஆனால் இது காதால் கேட்கும் நிகழ்ச்சி. இசையைப் பேசும்போது ‘பதிவு’, ‘ஒலிப்பதிவு’ என்று நொடிக்கொருதரம் வரும். நடுவே ‘விரிபதிப்பு’ வந்தால் பாதிப் பேர் காதில் ‘விரிபதிவு’ என்றுதான் விழும், பாடலை நீட்டிப் பாடிப் பதிந்தார்கள் போலிருக்கிறது என்று நினைப்பார்கள். மாணவியை இரண்டையும் வாக்கியத்தில் வைத்து ஒலிவாங்கி முன் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ‘விரிவெளியீடு’ தடுக்காமல் வந்தது, தெளிவாகவும் கேட்டது.

பதிவு என்றதும் இன்னொன்று. டெய்லர் ஸ்விஃப்டின் இரண்டாவது ஆல்பம் ‘ஃபியர்லெஸ்’. 2008இல் வந்தது, 2009இல் ஆறு பாடல்கள் கூடி ‘பிளாட்டினம்’ பதிப்பாக வந்தது, 2021இல் முழு ஆல்பத்தையும் அவர் புதிதாகப் பாடிப் பதிவுசெய்து வெளியிட்டார். அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மூல ஒலிப்பதிவு உரிமை 2019இல் பிறர் கைக்கு விற்கப்பட்டதுதான் அதற்குக் காரணம். இந்த மூன்றையும் ‘ரீ’ என்ற ஒரே முன்னொட்டுக்குள் போட்டு அடைக்க முடியாது. என் கணக்கில் 2009இல் வந்தது விரிவெளியீடு. 2021இல் வந்தது மீள்பதிவு, ஏனென்றால் அங்கே குரலே புதிது.

இப்போது கடினமான இடம். கோலாலம்பூர் தம்பி தாமஸ் டால்பியை எடுத்துக்காட்டினார். எல்லி கோல்டிங்கைப் போல அவரும் சிந்த்-பாப்காரர், அதாவது சிந்தசைசர் இசையோடு பாடுபவர், தாமே எழுதிப் பாடுபவர். 1984இல் வந்த ‘தி ஃபிளாட் எர்த்’ அவருடைய இரண்டாவது ஆல்பம். கால் நூற்றாண்டு கழித்து 2009இல் ஒலியைச் செம்மைப்படுத்தி, கூடுதல் பாடல்களோடு வெளியிட்டார்கள். “கூடுதல் பாடல் இருப்பதால் இதுவும் விரிவெளியீடா?” என்று தம்பி கேட்கிறார். நான் இல்லை என்பேன். அங்கே சேர்ந்தவை அந்தக் காலத்திலேயே பதிவான தனிப்பாடல்களும் மேடை ஒலிப்பதிவுகளும். ஆல்பத்தின் உடலும் பெயரும் அப்படியே இருக்கின்றன. நூலில் இப்படிப்பட்டதைப் பின்னிணைப்பு என்போம். ஆகவே அது பின்னிணைப்போடு வந்த மறுவெளியீடு. எல்லி கோல்டிங் செய்தது அப்படி இல்லை. பழைய ஆல்பத்தின் சூடு ஆறுவதற்குள் புதுப் பாடல்களைப் பதிந்து சேர்த்தார், பெயரையும் நீட்டினார். புதிதாக ஆக்கிச் சேர்ப்பதுதான் எல்லைக்கோடு என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. தம்பிக்கு இதில் உடன்பாடு இல்லையென்றால் விரிவாக எழுதட்டும், நான் காத்திருக்கிறேன்.

> ‘சிங்கர்-சாங்ரைட்டர்’ என்பதைப் பாடகர்-பாடலாசிரியர் என்று போட்டிருக்கிறீர்கள். சரியா?

சரியில்லை, மாற்றிவிட்டோம். தமிழில் பாடலாசிரியர் என்றால் வரிகளை எழுதுபவர் மட்டும்தான், மெட்டு வேறொருவருடையது. இந்தப் பிரிவினை நம்மிடம் மிகப் பழையது. பரிபாடலின் ஐந்தாம் பாட்டின் கீழே கடுவன் இளவெயினனார் பாட்டு, கண்ணனாகனார் இசை, பண் பாலையாழ் என்று குறிப்பு இருக்கிறது. எழுதியவர் ஒருவர், இசை வகுத்தவர் ஒருவர். ஆங்கிலச் சொல்லோ வரியையும் மெட்டையும் ஒருவர் கையில் கொடுக்கிறது. ‘வாக்கேயக்காரர்’ இதே பொருள் தரும் என்று ஒரு நண்பர் எழுதினார். பொருள் பொருந்துகிறது, ஆனால் அச்சொல்லைக் கேட்டதும் தியாகராஜர்தான் நினைவுக்கு வருவார். சிந்தசைசர் இசையோடு பாடும் இளம்பெண்ணுக்கு அது ஒட்டாது, தாமே எழுதிப் பாடும் நம் சிங்கப்பூர்ப் பாடகர் ஷபீரையே அப்படி அழைக்க எனக்கு வாய் வராது. ‘தாமே எழுதி மெட்டமைத்துப் பாடுபவர்’ என்று நேராகச் சொல்லிவிடலாம். ‘ஹால்சியன்’ பாடல்கள் பலவற்றில் தயாரிப்பாளர் ஜிம் எலியட்டின் பங்கும் இருப்பதால் அதையும் ஒரு வரியில் சேர்த்திருக்கிறோம்.

சிந்த்-பாப், ஆல்பம் இரண்டும் அப்படியே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற நான் கேட்கவில்லை.

ஆல்பத்தின் பெயரை ‘அமைதி நாட்கள்’ என்று மொழிபெயர்க்கச் சொன்ன நண்பருக்கு: பெயர்ச்சொல்லைத் தொடவேண்டாம், விளக்கம் கொடுத்தால் போதும். ஹால்சியன் கிரேக்கப் புராணத்து மீன்கொத்தி. கணவனைக் கடலில் பறிகொடுத்த அல்சயோனி பறவையாக மாறி, குளிர்காலத்தில் கடல்மேல் கூடு கட்டி அடைகாப்பாள். அந்தச் சில நாட்களுக்குக் காற்றும் அலையும் அடங்கியிருக்கும் என்பது கதை. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் ஆற்றோரம் நாம் பார்க்கிற வெண்மார்பு மீன்கொத்தியின் அறிவியல் பேரினப் பெயரும் ஹால்சியன்தான். சங்கத் தமிழில் மீன்கொத்தி சிரல். இதையெல்லாம் மாணவி ஆசையாகக் கேட்டுக்கொண்டு படியில் சேர்த்துவிட்டார்.

> புதுச்சொல் போட்டால் யார் புழங்கப்போகிறார்கள்?

இதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். எம்ஆர்டியைப் பெருவிரைவு ரயில் என்றும், ஹாக்கர் சென்டரை உணவங்காடி நிலையம் என்றும், வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான எச்டிபியை வீவக என்றும் சொல்லிச் சொல்லியே இந்த ஊரில் அவை சொற்களாகிவிட்டன. செய்தி வாசிப்பவரும் நாளிதழும் சலிக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். ‘இணையம்’ என்ற சொல்லை நமக்குத் தந்தவராகச் சொல்லப்படும் நா. கோவிந்தசாமியும் சிங்கப்பூர்க்காரர்தான். அவர் புழங்குவார்களா என்று காத்திருந்திருந்தால் இந்த மடலை நான் எந்தச் சொல்லின் துணையோடு அனுப்பியிருப்பேன்?

வலையொலிக் குறிப்பில் போகவிருக்கும் பகுதியை அப்படியே தருகிறேன்:

“ஹால்சியன். எல்லி கோல்டிங்கின் இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பம், 2012 அக்டோபர். விரிவெளியீடு: ஹால்சியன் டேஸ், 2013 ஆகஸ்ட், பத்துப் புதிய பாடல்களுடன்.”

வரும் சனிக்கிழமை ஒலிப்பதிவு. அதற்குள் ‘விரிவெளியீடு’ பற்றி மறுப்போ இதைவிட நல்ல சொல்லோ இருந்தால் எழுதுங்கள். ‘ரீமாஸ்டர்’ இன்னும் முடிவாகவில்லை. ‘ஒலிச்செம்மை’ என்று நான் எழுதிவைத்திருக்கிறேன், ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவர்கள் யாராவது குழுவில் இருந்தால் அவர்கள் வாய்க்கு அது வருகிறதா என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து