மன்னார்குடியிலிருந்து ஐமேக்ஸ் பார்க்கப் போவது வீண் செலவா?

வணக்கம். அடுத்த மாதம் வரும் பெரிய படத்தை ஐமேக்ஸ் என்கிற ராட்சதத் திரையில்தான் பார்க்கணும் என்று மகன் ஒற்றைக் காலில் நிற்கிறான். எங்கள் ஊரிலிருந்து மன்னை எக்ஸ்பிரஸில் சென்னை போகலாம், செம்மொழி எக்ஸ்பிரஸில் கோயம்புத்தூர் போகலாம். இரண்டுமே ராத்திரி வண்டி. நாலு பேருக்கு ரயில், சாப்பாடு, டிக்கெட் எல்லாம் கூட்டிப் பார்த்தேன். சம்பா நடவு நேரத்தில் கொஞ்சம் உதைக்கிறது.

இங்கே வழக்கமாகப் போகும் தியேட்டரில் திரையின் நடுவே ஒரு தையல் உண்டு. குளோசப்பில் எந்தக் கதாநாயகன் வந்தாலும் கன்னத்தில் தழும்போடுதான் வருவார்! அதனால் பையனைக் குறை சொல்லவும் முடியவில்லை.

என் சந்தேகம் வேறு. டிஜிட்டல் ஐமேக்ஸின் திரை விகிதம் (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) 1.90:1, அதைவிட அகலமான ஸ்கோப் படம் 2.39:1. அப்படியென்றால் முழுக்க ஸ்கோப்பில் எடுத்த படத்துக்கு மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டைதானே விழும்? ஐமேக்ஸுக்கென்றே எடுத்த காட்சிகள் இருந்தால்தான் திரை நிறையும். அப்படி இல்லாத படத்தை அங்கே பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வித்தியாசம் தெரிந்ததா, இல்லை சத்தம் மட்டும்தான் பெரிதா?

அப்புறம், வீட்டம்மாவுக்குக் கழுத்து வலி. எந்த வரிசையில் உட்கார்ந்தால் அண்ணாந்து பார்க்காமல் தப்பிக்கலாம்? தஞ்சாவூரிலோ திருச்சியிலோ லேசர் புரொஜெக்‌ஷனும் அட்மாஸ் ஒலியமைப்பும் உள்ள நல்ல திரை இருந்தாலும் சொல்லுங்கள், காலையில் பஸ் ஏறி சாயங்காலம் திரும்பிவிடுவோம்.

ரயிலுக்கு முன்பதிவு செய்யணும். இந்த வாரத்துக்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.