இத்தாலி மொழியில் ‘தா’ எங்கே வரும்?

நல்லூர்வாசி: அடுத்த மாதம் பலெர்மோவில் இருக்கும் அக்காவிடம் போகிறேன், யாழ்ப்பாணத்தில் இருந்தே இத்தாலியன் படிக்கிறேன். ‘தா’ என்றால் ‘இருந்து’ என்று படித்தேன், ஆனால் டொக்டரிடம் போவதற்கும் ‘தல் மேதிகோ’ என்கிறார் அக்கா. எப்படி?

கொக்குவில் பெடியன்: இரண்டும் சரி; ‘தல்’ என்பது ‘தா’வோடு ‘இல்’ என்ற சிறு சொல் சேர்ந்த வடிவம்தான். ‘தா கத்தானியா’ என்றால் கத்தானியாவில் இருந்து. போகிற வினையோடு ஆளுக்கு முன்னால் வந்தால் நம்முடைய ‘இடம்’ மாதிரித்தான்: ‘வாதோ தா மியா சொரெல்லா’, அக்காவிடம் போகிறேன்.

சுன்னாகம்: தங்கச்சி, ஸ்டேஷனில் கவனம். டிக்கெட்டுக்கு ‘பெர் பலெர்மோ’, அதாவது பலெர்மோவுக்கு, என்று கேளுங்கள். நான் அறிவிப்பில் ‘தா பலெர்மோ’ என்று கேட்டுவிட்டு, அங்கிருந்து வருகிற ரயிலுக்குக் காத்து நின்று என் ரயிலை விட்டேன். ‘தல் பினாரியோ த்ரே’ என்றால் மூன்றாம் மேடையில் இருந்து புறப்படும்.

நல்லூர்வாசி: நன்றி அண்ணை, ‘பெர்’ஐக் கொப்பியில் பெரிதாக எழுதிவிட்டேன்.