உதவி: எம்பிசி ஒன் தலைமையில் 6/8 சேகா. வோல்கா தாளம் விலகுது, கீபோர்டு இரட்டையா ஒலிக்குது

ரோஸ்ஹில்_ரவான்

வணக்கம். மொரிஷியஸின் சேகா பாட்டுக்குக் கணினி இல்லாத செட். எல்லாத்தையும் எம்பிசி ஒன்தான் (சாம்பிளரும் சீக்வென்ஸரும் சேர்ந்த பெட்டி) ஓட்டணும். ரவான் (தோல் பறை), மரவான் (விதை போட்ட குலுக்குப் பெட்டி), ட்ரையாங்கிள் மூணும் சாம்பிளா உள்ளே இருக்கு. வெளியே 61 கட்டை கீபோர்டு சிந்த் (ஒலிக்குப் பதிலா நோட்டையும் தாளத்தையும் கட்டளையா அனுப்பும் மிடிக்கு ஐந்து முள் இன், அவுட், வந்ததை அப்படியே கடத்தும் த்ரு மூணும் உண்டு), வோல்கா பீட்ஸ் (சின்ன டிரம் மெஷின்), 3.5 மிமீ மிடி துளை உள்ள சின்ன மோனோ சிந்த்.

இணைப்பு: எம்பிசி அவுட்டில் ஒரு ஒய் கேபிள். அதில் ஒரு கிளை கீபோர்டு இன்னுக்கு, மற்றது மோனோவுக்கு. கீபோர்டு த்ருவிலிருந்து வோல்கா. கீபோர்டு அவுட் திரும்ப எம்பிசி இன்னுக்கு.

சீக்வென்ஸ் 6/8, 165 பிபிஎம். பிரச்சினைகள்:

வோல்காவின் கிக் முதல் பாரில் (தாள ஆவர்த்தனத்தில்) சரியா விழுது, இரண்டாவதில் வேற இடத்துக்குப் போயிடுது. நாலு பார் முடிஞ்சதும் தானே வந்து சேருது.

கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினா அதே சுரம் இரண்டு தடவை கேட்குது, ஃபிளேஞ்சர் போட்ட மாதிரி.

மோனோ சிந்த் ஊமை. அதையே யுஎஸ்பி கேபிளில் எம்பிசியோடு இணைச்சா வாசிக்குது, ஆனா ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஹம்.

மிடி_மேஸ்திரி

நாலு பாருக்கு ஒருமுறை சேருதுன்னு எழுதினீங்களே, விடை அதிலேயே இருக்கு தம்பி. மிடி கிளாக்குக்கு (கருவிகளை ஒரே வேகத்தில் ஓட்டும் துடிப்பு) பாரும் தெரியாது, தாளமும் தெரியாது. ஒரு குவார்ட்டர் நோட்டுக்கு 24 துடிப்பு அனுப்பும், அவ்வளவுதான். 6/8-ல் ஒரு பார் மூணு குவார்ட்டர், அதாவது 72 துடிப்பு. வோல்காவுக்கு 16 ஸ்டெப், ஸ்டெப்புக்கு 6 துடிப்பு, ஆக ஒரு சுற்று 96. 72-ம் 96-ம் 288-ல்தான் சந்திக்கும். உங்க கணக்கில் அது நாலு பார், வோல்கா கணக்கில் மூணு சுற்று. பெட்டி கோளாறே இல்ல.

வோல்காவில் ஆக்டிவ் ஸ்டெப் முறைக்குப் போய் 13 முதல் 16 வரை அணைச்சிடுங்க. 12 ஸ்டெப், 72 துடிப்பு, பாரோடு ஒட்டிக்கும். கிக் 1-லும் 7-லும். பாட்டை எப்பவும் ப்ளே ஸ்டார்ட் பட்டனில் ஆரம்பிங்க. வெறும் ப்ளே நின்ன இடத்திலிருந்து தொடரும், அப்போ வோல்காவும் சுற்றின் நடுவிலிருந்து கிளம்ப வாய்ப்பு உண்டு.

என்னைக் கேட்டா வோல்காவோட சீக்வென்ஸரையே தொட வேண்டாம். எம்பிசியின் ஸ்விங் (தாளத்தின் இழுப்பு) கிளாக்கில் போகாது, நோட்டில் மட்டும்தான் போகும். ரவானை நீங்க எவ்வளவு அழகா இழுத்து வாசிச்சாலும் வோல்கா கட்டம் போட்ட நோட்டு மாதிரிதான் தட்டும். அதன் பேட்டர்னைக் காலி பண்ணிட்டு, எம்பிசியில் ஒரு மிடி ட்ராக் போட்டு வோல்காவின் சேனலுக்கு நோட்டையே அனுப்புங்க. கிக் 36, ஸ்னேர் 38, கிளாப் 39, மூடிய ஹேட் 42, திறந்த ஹேட் 46, கிளேவ்ஸ் 75. ஒரு குறை: வெளியிலிருந்து வரும் நோட்டின் வெலாசிட்டியை (அடியின் பலத்தை) வோல்கா பீட்ஸ் கண்டுக்காது. சத்தத்தை ஏத்தி இறக்கணும்னா கன்ட்ரோல் எண் (ஒரு குமிழைத் திருப்புற மாதிரியான மிடி கட்டளை) 40 கிக், 41 ஸ்னேர், இப்படி வரிசையா 49 வரை லெவல். அழுத்தி அடிக்கிற இடங்களில் மட்டும் அதை வரைஞ்சா போதும்.

தவில்_டு_பேட்

இரட்டைச் சுரத்துக்கு: கீபோர்டின் மிடி மெனுவில் லோக்கல் கன்ட்ரோல் ஆஃப். இப்போ கட்டையை அழுத்தினதும் கீபோர்டு தன் ஒலியைத் தானே எழுப்புது. அதே நோட்டு அவுட் வழியா எம்பிசிக்குப் போய், ட்ராக் வழியா திரும்பி வந்து இரண்டாவது தடவையும் எழுப்புது. நடுவில் சில மில்லிசெகண்ட் இடைவெளி, அதான் அந்த ஃபிளேஞ்சர். லோக்கலை அணைச்சா எம்பிசி திருப்பி அனுப்பினால்தான் ஒலி வரும், அதனால் அந்த ட்ராக் தேர்வில் இருக்கணும். பவர் போட்டு எடுத்ததும் சில கீபோர்டுகள் லோக்கலை மறுபடி ஆன் பண்ணிடும், அதையும் பார்த்து வையுங்க.

அப்படியும் போகலைன்னா ட்ராக்குகளின் மானிட்டரை (வரும் நோட்டை ட்ராக் வெளியே கடத்தும் அமைப்பு) பாருங்க. ஒரே சேனலுக்குப் போகும் இரண்டு ட்ராக்கில் மானிட்டர் "இன்"னில் இருந்தா இரண்டுமே நோட்டை அனுப்பும். "ஆட்டோ"வில் வையுங்க.

கீபோர்டில் சாஃப்ட் த்ரு, மிடி எக்கோ மாதிரி ஏதாவது ஆனில் இருந்தாலும் அணைச்சிடுங்க. எம்பிசி அனுப்பினது அவுட் வழியா அதுக்கே திரும்பும், ரெக்கார்டு பண்ணும்போது நோட்டு பெருகும், சில சமயம் அணையாம தொங்கி நிற்கும்.

தாளம் பற்றி மேஸ்திரி அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. 165 என்பது காலால் தட்டுற வேகம் இல்ல, மூணு எட்டாம் நோட்டுக்கு ஒரு தடவை தட்டுறோம், அது 110. டெலே (எதிரொலி), ஆர்பெஜியேட்டர் (கார்டைத் தனித்தனிச் சுரமா பிரிச்சு வாசிக்கிறது) எல்லாம் 165-ன் குவார்ட்டரைத்தான் பிடிக்கும். டெலேயை 1/4-ல் வச்சா 364 மில்லிசெகண்ட் வரும், உங்களுக்கு வேண்டியது 545. அதுக்குப் பதிலா 4/4, 110 பிபிஎம், கட்டத்தை 1/8 ட்ரிப்லெட். நம்ம கணக்கில் திஸ்ர நடை. ஒரு ட்ரிப்லெட்டுக்கு சரியா 8 துடிப்பு, டெலேயும் காலோடு சேரும்.

மிடி_மேஸ்திரி

டெலே விஷயத்தில் நீங்க சொல்றது சரிதான். ஆனா அப்படிப் போனா வோல்காவின் 16 ஸ்டெப் சதுஸ்ரத்திலேயே நிற்கும், பீட்டுக்கு நாலு ஸ்டெப், மூணா பிரியாது. நோட்டு அனுப்பி ஓட்டுறவங்களுக்கு 4/4 திஸ்ரம். வோல்காவே தட்டணும்னா 6/8-ம் 12 ஸ்டெப்பும், டெலேயை மட்டும் டாட்டட் 1/4-ல் (ஒன்றரை குவார்ட்டர்) வையுங்க. 6/8-ல் மெட்ரோனோமை 1/8-க்கு மாத்திக்கோங்க, இல்லைன்னா கிளிக் பாட்டோடு சண்டை போடும். டைம் சிக்னேச்சரையும் பார் எண்ணிக்கையையும் ரெக்கார்டு பண்றதுக்கு முன்னாடியே வையுங்க.

கம்பி_வித்வான்

மோனோ ஊமையானதுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். முதலில் அந்த ஒய் கேபிளைக் கழட்டுங்கள். ஐந்து முள் மிடி என்பது சுமார் 5 மில்லிஆம்பியர் கரண்ட் லூப். ஒரு அவுட் ஒரு இன்னுக்கென்றே கணக்கிட்டது. சும்மா பிரித்தால் கரண்டும் பிரியும், இரண்டு பக்கத்து ஆப்டோகப்ளரும் (சமிக்ஞையை ஒளியாக்கி வாங்கும் பாகம்) அரைகுறையாக விழிக்கும். பிரிக்க வேண்டுமானால் மின்சாரம் கொடுத்து ஓடும் த்ரு பாக்ஸ், 1 இன் 4 அவுட் போதும். எம்பிசியிலிருந்து பாக்ஸ், பாக்ஸிலிருந்து மூன்று கருவிக்கும் தனித்தனிக் கேபிள், ஒவ்வொன்றும் 15 மீட்டருக்குள்.

இரண்டாவது, 3.5 மிமீ மிடியில் டைப் ஏ, டைப் பி என்று இரண்டு உண்டு. ஏ-யில் நுனி 5-ஆம் முள், நடு வளையம் 4-ஆம் முள். பி-யில் இது தலைகீழ். 2018-ல் மிடி அசோசியேஷன் ஏ-யைத் தரமாக ஏற்றது, அதற்கு முந்தைய கருவிகளில் பி-யும் நிறைய. மாற்றிப் போட்டால் எதுவும் எரியாது, சத்தம் வராது, அவ்வளவுதான். மல்டிமீட்டரை பீப்பில் வைத்து அடாப்டரின் நுனி எந்த முள்ளோடு பேசுகிறது என்று பாருங்கள், பிறகு மோனோவின் கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

ஹம் வருவது எதிர்பார்த்ததே. மிடி இன்னில் ஆப்டோகப்ளர் இருப்பதால் இரண்டு கருவியின் கிரவுண்டும் தொடாது. யுஎஸ்பியில் தொடும். ஆடியோ கேபிள் வழியாக இன்னொரு கிரவுண்டு பாதை இருக்கும்போது வளையம் முடிந்துவிடுகிறது. ஐந்து முள்ளுக்குத் திரும்பினால் ஹம் போய்விடும். நம் மொரிஷியஸ் வீடுகளில் ஒரு சுவரில் மூன்று முள் பிரிட்டிஷ் சாக்கெட், அடுத்த சுவரில் பிரெஞ்சு உருண்டை முள். எல்லாவற்றையும் ஒரே சாக்கெட்டிலிருந்து ஒரே மல்டிப்ளக்கில் எடுங்கள். ஹம்மைப் போக்க எர்த்தை வெட்டும் வேலை மட்டும் வேண்டாம், 230 வோல்ட்.

ரோஸ்ஹில்_ரவான்

எல்லாருக்கும் நன்றி. லோக்கல் ஆஃப், இரட்டை போச்சு. மோனோ டைப் பி-தான், கேபிள் மாத்தினதும் வாசிக்குது, ஹம்மும் இல்ல. 4/4 திஸ்ரத்துக்கு மாறி வோல்காவுக்கு நோட்டு அனுப்புறேன். இப்போ ஒண்ணு மட்டும் பாக்கி: கீபோர்டில் பேட் ஒலி (நீண்டு நிற்கும் மெத்தென்ற ஒலி) வாசிக்கிற பகுதியில் வோல்காவின் கிக் கொஞ்சம் பின்னாடி இழுக்குது. மற்ற இடங்களில் சுத்தம்.

கம்பி_வித்வான்

ஆஃப்டர்டச், அதாவது அழுத்திய கட்டையை மேலும் அழுத்தும்போது போகும் செய்தி. மிடி கேபிளில் செகண்டுக்கு 3,125 பைட்தான் போகும். ஒரு நோட்டு 3 பைட், ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட். பத்து நோட்டு ஒரே நேரத்தில் விழுந்தால் கடைசி நோட்டு கிட்டத்தட்ட 10 மில்லிசெகண்ட் தாமதம். பேட் வாசிக்கும்போது விரல் அழுத்தம் ஓயாமல் பிரஷர் செய்தி கொட்டும், கிக் அந்த வரிசையில் நிற்கிறது. கிளாக்கைச் சந்தேகிக்க வேண்டாம், 110-ல் செகண்டுக்கு 44 பைட், ஒன்றுமே இல்லை. கீபோர்டில் ஆஃப்டர்டச் அனுப்புவதை நிறுத்துங்கள், ஏற்கெனவே ரெக்கார்டு ஆனதை ட்ராக்கில் அழியுங்கள். அதுவும் போதாது என்றால் எம்பிசியின் யுஎஸ்பி ஹோஸ்ட் துளையில் கிளாஸ் கம்ப்ளையன்ட் (தனி டிரைவர் தேவையில்லாத) மிடி இன்டர்ஃபேஸ் ஒன்று போட்டு வோல்காவுக்குத் தனி அவுட் கொடுங்கள்.

தவில்_டு_பேட்

இன்னொண்ணு, மரவானை 100% குவாண்டைஸ் (கட்டத்தோடு ஒட்ட வைக்கிறது) பண்ணிடாதீங்க. எம்பிசியில் குவார்ட்டருக்கு 960 டிக். 110-ல் ஒரு டிக் சுமார் 0.57 மில்லிசெகண்ட். 12, 15 டிக் பின்னாடி தள்ளிப் பாருங்க, சேகாவுக்கு அந்த ஆட்டம் வேணும். அது சாம்பிள், எம்பிசிக்குள்ளேயே இருக்கு, அதனால் நுணுக்கம் அப்படியே கேட்கும். வோல்காவுக்கு 2 டிக் தள்ளி மினுக்குறதில் பிரயோஜனமில்ல, கேபிளே அதைத் தின்னுடும்.

ரோஸ்ஹில்_ரவான்

ஆஃப்டர்டச்சை நிறுத்தினதும் கிக் நேராச்சு. தனி இன்டர்ஃபேஸ் தேவைப்படல.

கடைசிக் கேள்வி: பாட்டு மாறும்போது கீபோர்டின் ஒலியும் தானா மாறணும். புரோகிராம் (ஒலியை மாத்தும் மிடி கட்டளை) 12 அனுப்பினா 13-ஆவது ஒலி வருது.

மிடி_மேஸ்திரி

கம்பியில் எண்ணிக்கை 0-லிருந்து 127. சில பெட்டி அதை அப்படியே காட்டும், சில பெட்டி 1-லிருந்து காட்டும். ஒண்ணு குறைச்சு 11 அனுப்புங்க. வேற பேங்க்கில் இருக்கிற ஒலின்னா முதலில் கன்ட்ரோல் 0, அடுத்து 32, அப்புறம் புரோகிராம், இந்த வரிசையில். பாட்டின் முதல் நோட்டோடு ஒரே டிக்கில் வைக்காதீங்க, கீபோர்டு ஒலியை ஏத்த நேரம் எடுக்கும். முன்னாடி ஒரு பார் காலியா விட்டு அதில் போடுங்க.