முதலுதவிப் பை புதுப்பிப்பு: நான் சொன்னது தப்பு

போன வாரம் என்னிடம் உள்ள இரண்டு இரண்டாம் உலகப்போர் கால அமெரிக்க ராணுவ முதலுதவிப் பைகளும் எம்-1942 மாடல்தான், ஒன்று மட்டும் வெயிலில் வெளுத்துவிட்டது என்று எழுதியிருந்தேன் இல்லையா, அது தப்பு. உள்ளே 1942 என்று முத்திரை இருந்ததைப் பார்த்து ஏமாந்துவிட்டேன். முத்திரை சொல்வது தயாரித்த வருஷத்தை, மாடலை அல்ல; எம்-1924 பைகளையும் 1942இல் தைத்திருக்கிறார்கள்.

கடைசியில் தகர டப்பாதான் காட்டிக்கொடுத்தது. கார்லைல் பேண்டேஜ் (ராணுவ வீரர்களுக்குக் கொடுத்த காயக்கட்டு) வரும் அந்தச் சின்ன டப்பாவை இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். வெளுத்ததில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது, எடுக்கக்கூட கொஞ்சம் சிரமம். மற்றதில் தாராளமாக இடம் மிச்சம். ஆக சின்னது எம்-1924, பெரியதுதான் எம்-1942. இரண்டுக்கும் மூடியில் ஒரே ஒரு லிஃப்ட்-தி-டாட் பித்தான் (ஒரு பக்கமாகத் தூக்கினால் மட்டும் திறக்கும் உலோகப் பித்தான்), அதனால் பித்தானை மட்டும் பார்த்தால் குழப்பம்தான் வரும். முதல் உலகப்போர் கால எம்-1910 என்றால் இரண்டு அழுத்து பித்தான் இருக்கும், அதில் சந்தேகமே வராது.

அப்புறம் அந்த நிறம். காக்கி வெளுத்துப்போனது என்றேனே, பித்தானுக்கு அடியில் வெயில் படாத இடமும் அதே நிறம்தான். ஆக அது வெளுத்ததல்ல, அசல் நிறமே அதுதான்: இரண்டாம் உலகப்போரின் ஆரம்பத்தில் வெளிர் காக்கி, பிற்பகுதியில் கரும்பச்சை. சரி, வெயிலைக் குறை சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.