புல்லட் 350: டைமிங் சரியாக வைத்தும் கிக்கர் திருப்பி அடிக்கிறது

கேள்வி:
பழைய இரும்பு சிலிண்டர் புல்லட், பாயிண்ட் செட் (திறந்து மூடித் தீப்பொறியை வரவைக்கும் தொடுமுனைகள்) உள்ள வண்டி. புது பாயிண்ட் மாட்டி, பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்கும்படி டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) வைத்தேன். ஒரு நேரம் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகிறது, இன்னொரு நேரம் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கிறது. மேடு ஏறும்போது லேசாக நாக்கிங் சத்தமும் (இன்ஜினுக்குள் தட்டுவதுபோன்ற ஒலி) கேட்கிறது. கார்புரேட்டரைப் பிரிக்கலாமா?

பதில்:
அந்தப் பக்கமே போகாதீர்கள். திருப்பி அடித்தால் தீப்பொறி முந்துகிறது என்று அர்த்தம். பாயிண்ட் கேப் (முழுதாகத் திறந்தபோது உள்ள இடைவெளி) எவ்வளவு? டைமிங் வைத்த பிறகு அதைத் தொட்டீர்களா? கேப் கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறந்துகொள்ளும், டைமிங்கும் கூடவே முந்திவிடும். முதலில் கேப் 0.35-லிருந்து 0.40 மி.மீ.க்குள், அப்புறம்தான் டைமிங்.

கேட்டவர்:
கேப் 0.38. பிறகு தொடவில்லை. பிஸ்டனை பிளக் ஓட்டையில் ஸ்போக் கம்பி விட்டு அளந்தேன்.

இன்னொருவர் பதில்:
கம்பியைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். ஒரு நேரம் அடிக்கிறது, ஒரு நேரம் இல்லை என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். 0.8 என்பது முழு ரிடார்டில், அதாவது தீப்பொறி மிகவும் பிந்தி விழும் நிலையில், உள்ள அளவு. வேகம் ஏறும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பாயிண்ட் இருக்கும் பெட்டி) இருக்கும் அட்வான்ஸ் வெயிட்டுகள் விரிந்து தீப்பொறியை முன்னுக்குத் தள்ளும். இன்ஜின் நின்றதும் ஸ்பிரிங் அவற்றை இழுத்துக்கொள்ள வேண்டும். பாதியில் மாட்டிக்கொண்டால், அடுத்த உதையில் தீப்பொறி ஓடும் வேகத்துக்கான இடத்திலேயே விழும். அடி உங்கள் காலுக்கு.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்ட் கேமை (பாயிண்டைத் திறக்கும் சுழல் துண்டு) அது சுற்றும் பக்கமாக விரலால் திருப்பி விட்டுப் பாருங்கள். டக்கென்று திரும்பி வர வேண்டும்.

கேட்டவர்:
திருப்பினேன். சோம்பேறித்தனமாகப் பாதி வந்து நின்றுவிட்டது! உள்ளே கிரீஸ் பிசினாகக் காய்ந்திருக்கிறது. ஒரு ஸ்பிரிங் கொக்கியில் தொளதொளவென்று தொங்குகிறது.

இரண்டாவதாகப் பதில் சொன்னவர்:
நாக்கிங்குக்கும் காரணம் கிடைத்துவிட்டது. ஸ்பிரிங் தளர்ந்தால் குறைந்த வேகத்திலேயே அட்வான்ஸ் ஏறிவிடும். இரண்டு ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். சுழலும் இடங்களைக் கழுவி, மெல்லிய ஆயில் ஒரு சொட்டு விட்டால் போதும். பாயிண்டில் ஆயில் பட்டால் வேறு தலைவலி.

பிறகு டைமிங்கைப் புதிதாக வையுங்கள். இப்போது கம்பி விஷயம்: பிளக் சாய்ந்து உட்கார்ந்திருப்பதால் கம்பி நேர் அளவைக் காட்டாது. உச்சி அருகே கிராங்க் 5 டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் கால் மில்லிமீட்டர்கூட இறங்காது. ஆகவே டிகிரி டிஸ்க் (கிராங்க் திரும்பும் கோணத்தைக் காட்டும் தட்டு) கிடைத்தால் நல்லது.

பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் பின் சக்கரத்தை முன்பக்கமாகவே சுற்றுங்கள். வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி முன்னால் வாருங்கள், இல்லாவிட்டால் பல்சக்கரத்தின் ஆட்டம் கணக்கைக் கெடுக்கும். இரண்டு புஷ் ராடும் (வால்வுகளைத் திறக்கும் தண்டுகள்) விரலால் சுழன்றால் அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக், அதாவது தீப்பொறி விழ வேண்டிய சுற்று. சாவியைப் போட்டு ஆம்பியர் மீட்டர் முள்ளைக் கவனியுங்கள். இடப்பக்கம் சாய்ந்திருக்கும் முள் நடுவுக்குத் துள்ளும் கணத்தில் பாயிண்ட் திறக்கிறது. பாயிண்ட் மூடிய நிலையில் சாவியைப் போட்டபடி விடாதீர்கள், காயில் சூடாகும்.

கேட்டவர்:
ஸ்பிரிங் மாற்றியாச்சு, உதை விழுவதில்லை. மேட்டில் மட்டும் துளி நாக்கிங் மிச்சம்.

முதல் பதில் சொன்னவர்:
தீப்பொறி இன்னும் கொஞ்சம் பிந்த வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டைத் தளர்த்தி, அதை கேம் சுற்றும் திசையிலேயே மயிரிழை திருப்பி இறுக்குங்கள். அதிகம் போனால் இழுவை செத்து இன்ஜின் கொதிக்கும்.