பெண்களுக்கான தலைமைப் பயிற்சி: முடித்து வந்த பிறகு என்ன நடந்தது?

காசாளர்77
வங்கியில் அதிகாரிகளின் பதவி நிலைகளை ஸ்கேல் என்பார்கள். ஸ்கேல் டூவிலிருந்து த்ரீக்குப் போகும் இன்டர்வியூ எனக்கு. அதற்கு முன்னால் பெண் அதிகாரிகளுக்கு மட்டும் என்று ஒரு பயிற்சி நடத்தினார்கள். தன்னம்பிக்கை, கண்ணைப் பார்த்துப் பேசுவது, எல்லாம் உங்களுக்கும் தெரிந்த சமாச்சாரம்தான். எனக்கு முன்னால் உள்ளே போனவர் என்னோடு ஒரே பேட்ச். வெளியே வந்து, வாராக்கடன், காசா விகிதம் (மொத்த டெபாசிட்டில் நடப்பு, சேமிப்புக் கணக்குப் பணத்தின் பங்கு), முத்ரா என்ற சிறுதொழில் கடன் வசூல் என்று வறுத்து எடுத்துவிட்டார்கள் என்றார். அதையெல்லாம் மனதுக்குள் ஓட்டிக்கொண்டே போய் உட்கார்ந்தால் எனக்கு முதல் கேள்வி, "குஜராத்ல போட்டா போவீங்களா, வீட்ல கேட்டாச்சா?"

கிளையைப் பற்றி ஒரு கேள்வி கூட இல்லை. இழுத்துக்கொண்டு கிடந்த கடன்களை வசூல் செய்த கணக்கு முழுவதையும் ஃபைலாகக் கொண்டுபோயிருந்தேன். நடுவில் இருந்தவர் அதைத் திறக்காமலே என் பக்கம் தள்ளிவிட்டார், அது கண்ணாடி மேசையில் வழுக்கிக்கொண்டு வந்து என் கைப்பையில் முட்டி நின்றது. போவேன் என்றேன். பதவி உயர்வும் கிடைத்தது, வெளிமாநிலமும் கிடைத்தது. ஆனால் எதை வைத்து என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

2014இல் நிதி அமைச்சகம் பொதுத்துறை வங்கிகளுக்கு ஒரு கடிதம் அனுப்பியது, திருமணமான பெண் ஊழியர்களை முடிந்தவரை கணவர் இருக்கும் ஊருக்குப் பக்கத்திலும் மற்றவர்களைப் பெற்றோர் ஊருக்குப் பக்கத்திலும் போடச் சொல்லி. நல்ல கடிதம்தான், பலருக்கு உதவியது. ஆனால் பக்கத்திலேயே சின்னக் கிளையில் இருந்துவிட்டால், பெரிய கிளை பார்க்காதவள் என்று அடுத்த ஸ்கேலில் கழித்துவிடுகிறார்கள். இதற்கு எந்தப் பயிற்சியில் பதில் சொல்கிறார்கள்?

பேட்லாக் அக்கா
நமக்கு பாங்க் எல்லாம் தெரியாதுங்க, திருப்பூர் பனியன் கம்பெனி. லைன்ல டெய்லரா இருந்த எங்களில் சிலரை சரக்கு வாங்குற பையர் கேட்டான்னு சூப்பர்வைசர் பயிற்சிக்கு அனுப்பினாங்க. லைன்ல வேலை எங்கேயும் தேங்காம ஆளுங்களுக்குச் சமமாப் பிரிக்கிற லைன் பேலன்சிங், டார்கெட் பிரிக்கிறது, கத்தாம பேசுறது. நல்லாத்தான் சொல்லிக்கொடுத்தாங்க.

முதல் வாரமே பேட்லாக் மிஷின்ல, அதான் பனியன் ஓரம் மடிச்சுத் தைக்கிற மிஷின்ல, தையல் விட்டு விட்டு விழுது. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "வர்றேன்"னார். திரும்பவும் கூப்பிட்டேன். டீ கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டு நிக்கிறார், கால் மட்டும் நகரலை. எனக்குப் பின்னாடி பீஸ் மலையாட்டம் குவியுது, அடுத்த ஆபரேஷன்ல இருக்கிற பொண்ணுங்க கை கட்டி உட்கார்ந்திருக்காங்க. ஃப்ளோர் இன்சார்ஜ் அந்தப் பக்கமா வந்து ஒரு சத்தம் போட்டதும் மெக்கானிக் ஓடி வந்து, கீழ் நூலைக் கோர்க்கிற லூப்பரைச் சரி பண்ணிட்டார், அஞ்சு நிமிஷ வேலை. சாயங்காலம் டார்கெட் ஏன் குறைஞ்சதுன்னு என்னைத்தான் கேட்டாங்க. இன்சார்ஜ் சொன்ன அறிவுரை, "அவர்கிட்ட கொஞ்சம் சிரிச்சுப் பேசும்மா."

நிதானமாக யோசி
@பேட்லாக் அக்கா, தப்பாக நினைக்க வேண்டாம், இதில் ஆண் பெண் விவகாரம் எங்கே வருகிறது? புதிதாக சூப்பர்வைசர் ஆன யாரையும் மெக்கானிக் அப்படித்தான் நடத்துவார். நானும் புதிதில் பட்டிருக்கிறேன், ஒரு ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் என்னைக் காக்க வைத்தார், பிறகு பழகிவிட்டோம். நீங்கள் செய்ய வேண்டியது என்னவென்றால், முதலில் அவர் வேலையைப் புரிந்துகொள்ளுங்கள், ஒரு நாளில் எத்தனை லைனுக்கு ஓடுகிறார் என்று பாருங்கள். அப்புறம் காலையில் போனதும் ஒரு வணக்கம், அதற்குச் செலவா? குரலை உயர்த்த வேண்டாம், ஆனால் தாழ்த்தவும் வேண்டாம். மெயில் போட்டுப் பழகுங்கள், எதுவும் எழுத்தில் இருக்க வேண்டும். தினமும் பத்து நிமிடம் நிர்வாகவியல் புத்தகம் படிக்கலாம். முக்கியமாக, எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், பெண்கள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். காசாளர் விஷயத்திலும், பதவி கிடைத்துவிட்டதே, இன்னும் அந்த ஃபைலையே ஏன் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்?

எண் நான்கு
"இதில் ஆண் பெண் எங்கே வருகிறது" என்று கேட்டுவிட்டு, "பெண்கள் இதில்தான்" என்று அதே பதிவில் முடித்ததற்கு நன்றி.

என்னுடையது மென்பொருள் நிறுவனம். பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும், தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர். எங்கள் தளத்தில் மூத்த பெண் நான்தான், அவ்வளவுதான் தகுதி. "இது உங்கள் தலைமைத்துவ வளர்ச்சிக்கு நல்ல வாய்ப்பு" என்று வருடாந்திர மதிப்பீட்டிலும் எழுதினார்கள். ஒரு புகார் வந்தது, பெரிய ஆள் மேல். விசாரணைக்குச் சட்டம் 90 நாள் தருகிறது. நான் சாட்சிகளைக் கூப்பிடத் தேதி குறித்துக்கொண்டிருக்கும்போதே எச்ஆர் தலைவர் ஒரு பிரிண்ட் அவுட்டோடு வந்தார். முடிவு வரை எழுதியாகிவிட்டது, கடைசிப் பக்கத்தில் என் பெயர், மேலே கோடு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மஞ்சள் ஸ்டிக்கர். போடவில்லை. குழுவில் வெளி உறுப்பினராக இருந்த பெண்மணிக்கு எச்ஆர் தலைவர் எதிரிலேயே போன் செய்தேன், அந்தப் பெண்மணி வந்த பிறகுதான் விசாரணை ஒழுங்காக நடந்தது. அடுத்த ஆண்டு குழுவை மாற்றியமைத்தபோது நான் இல்லை. அந்த மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டிய ஆளும் ஒரு பெண்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊராட்சி மகள்
இது ஆபீஸ் கதை இல்லை, நீக்கினாலும் பரவாயில்லை. எங்கள் அம்மா 2019 தேர்தலில் ஊராட்சித் தலைவர். பாதி இடம் பெண்களுக்கு என்பதால் எங்கள் ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்கானது. பயிற்சிக்குப் போனார், வாசலில் தலைவர்களின் கணவர்கள் வண்டியோடு வரிசையாக நின்றார்களாம். பயிற்சியில் சட்டமெல்லாம் சொன்னார்கள், ஆனால் காசோலையில் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், அவர் மாட்டேன் என்றால் என்ன செய்வது என்பதை மட்டும் சொல்லவில்லை. குடிதண்ணீர் மோட்டார் எரிந்துபோய், ரிப்பேர் பில் அவரிடம் போய் நின்றுவிட்டது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் அம்மா வரவு செலவை வாசித்துக்கொண்டே வந்து, அந்த பில்லையும் தொகையோடு வாசித்துவிட்டு, "துணைத்தலைவர் கையெழுத்துக்காக இருக்கு" என்று அடுத்த வரிக்குப் போய்விட்டார். குடத்தோடு அலைந்த பெண்கள் எல்லாரும் துணைத்தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் போட்டுவிட்டார். அடுத்த பில்லுக்குத் திரும்பவும் அதே இழுவை, அது வேறு.

பேட்லாக் அக்கா
@நிதானமாக யோசி, வணக்கம் எல்லாம் வச்சாச்சுங்க. ஃப்ளோர்ல யாருக்கு மெயில் போடுறது, மிஷினுக்கா? நான் ஒரு நோட்டுப் போட்டேன். எந்த மிஷின், எப்பக் கூப்பிட்டேன், எப்ப வந்தார், எத்தனை பீஸ் போச்சு. மாசக் கடைசியில டார்கெட் கேட்டப்ப நோட்டை புரொடக்‌ஷன் மேனேஜர் முன்னாடி வச்சேன். அவர் படிச்சுட்டு மெக்கானிக்கை ஒண்ணும் சொல்லலை, ஆனா எல்லா லைனுக்கும் அந்த நோட்டு கட்டாயம்னு போட்டுட்டார். இப்ப ஆம்பளை சூப்பர்வைசருங்க எல்லாம் எழுத்து வேலை ஜாஸ்தியாச்சுன்னு என்மேல காண்டுல இருக்காங்க. @ஊராட்சி மகள், உங்க அம்மா இந்தத் தடவை நிக்கிறாங்களா?